லத்தீன் வகுப்புக்கு ஆள் வேண்டாம்

மணியடித்து வெகுநேரமாகிவிட்டது. வகுப்பறையில் ஈ காக்கை இல்லை. லத்தீன் வாத்தியார் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற வாத்தியார்கள் என்றால், ஆள் வரவில்லையே என்று கதவைப் பார்ப்பார்கள். இவர், யாராவது வந்து தொலைத்துவிடப் போகிறார்களே என்று பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. 'அப்படித்தான் ராஜா, விட்டுடாதே' என்று அதற்கு உள்ளூர உற்சாகம் கொடுத்தார்.

காரணம் இருந்தது. அந்த மாலைப் பள்ளியில் ஒரு சட்டம். ஒரே ஒரு ஆள் வந்தாலும் வகுப்பை நடத்தியாக வேண்டும். ஒருவருமே வராவிட்டால் அன்றோடு வகுப்பை மூடிவிடலாம். அப்புறம் திறக்க வேண்டியதில்லை. வருஷ ஆரம்பத்தில் லத்தீனுக்கு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது, ஒருவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது, மற்றவர்களுக்குப் புத்தி வந்தது. மிச்சம் ஒரே ஒருவர். அவரும் இன்று வராவிட்டால், நாளை முதல் வாத்தியாருக்கு மாலை நேரத்தில் வீடு.

வீடு என்று நினைத்தாலே அவருக்குக் கண் சொருகியது. பகலெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு, நேரே வந்து செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் சாயலாம். மனைவி சமைக்கும்போது அடுப்படி வாசலில் நின்று நாலு நல்ல யோசனை சொல்லலாம். அலமாரியில் பாத்திரம் அடுக்குவதில் அவள் தொடர்ந்து ஒரு தப்புச் செய்கிறாள். எடுத்துச் சொல்லத்தான் இத்தனை நாள் நேரம் கிடைக்கவில்லை. இதற்கு மேல் அவர் வாழ்க்கையில் ஒன்றும் கேட்கவில்லை. முட்டி வலித்தது, முதுகு வலித்தது, ஒரே வேற்றுமை வாய்பாட்டைச் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்து போயிருந்தது.

'அவ்வளவு அலுப்பு இருந்தால் விட்டுவிட்டு வர வேண்டியதுதானே' என்று யாரும் கேட்கலாம். ஒருமுறை மனைவியிடம் வாயெடுத்துப் பார்த்தார்.

"இந்தச் சாயங்கால வகுப்பை விட்டுடலாமான்னு பாக்கறேன்."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஐயையோ, என்ன பேச்சு இது! நீங்களும் விட்டுட்டா அந்த மொழி செத்துப்போயிடாதா?"

"அது செத்து ரொம்ப வருஷமாச்சு."

"பாத்தீங்களா! அதையும் விடாம நீங்க ஒருத்தர்தான் தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?"

சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி அவள் பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் எந்த மனுஷனால் ராஜினாமா செய்ய முடியும்? ஆகவே வகுப்பு தானாகச் சாக வேண்டும். அவர் கைபட்டுச் செத்ததாக இருக்கக் கூடாது.

கதவு திறந்தது.

"வந்துட்டேன் சார்!"

ரொட்டிக்கடைக்காரர். வாத்தியார் தெருக்காரர்தான். தலை முதல் கால் வரை தண்ணீர் சொட்ட நின்றார். மீசையில் ஒட்டியிருந்த மாவு நனைந்து பசையாகிக்கொண்டிருந்தது.

"இந்த மழையில வரணுமா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"உடம்பு கிடக்குது சார். வகுப்பு நடக்கணுமில்ல?" என்றபடி பெஞ்சில் உட்கார்ந்தவர், நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். ஆசைப்பட்டுப் படிக்க வந்தவன் விடுகிற மூச்சு அல்ல அது. வாத்தியார் தன் பெருமூச்சிலேயே மும்முரமாக இருந்ததால் கவனிக்கவில்லை.

அந்த நிமிஷம்தான் அவருக்கு யோசனை உதித்தது. ஆள் தானாகப் போகாவிட்டால் ஓடவைக்க வேண்டியதுதான். புத்தகத்தின் கடைசியில், நல்ல மனசுள்ள எந்த வாத்தியாரும் தொடாத பாடம் ஒன்று இருந்தது. குட்டிப் பெயரடைகள். 'சின்ன' என்பதை இன்னும் சின்னதாக்கிக் கொஞ்சுகிற சொற்கள். அவற்றை ஒவ்வொரு வேற்றுமையிலும், மூன்று பாலிலும், ஒருமையிலும் பன்மையிலும் உருட்டிக்கொண்டே போக வேண்டும். கேட்கிறவன் மட்டுமல்ல, சொல்கிறவனும் பாயைப் பிறாண்டுவான். பரவாயில்லை என்று துணிந்தார்.

"இன்னிக்குப் புதுப் பாடம். 'பார்வுஸ்'னா சின்ன. அதோட குட்டி 'பார்வுலுஸ்'. சின்னூண்டுன்னு வெச்சுக்குங்க."

"சின்னூண்டு. நல்லாத்தான் இருக்கு சார்."

"அவசரப்படாதீங்க. நம்ம பேச்சுல சின்னூண்டு ரொட்டின்னா, ரொட்டி என்ன ஆட்டம் ஆடினாலும் 'சின்னூண்டு' அது பாட்டுக்கு நிக்கும். சின்னூண்டு ரொட்டியை, சின்னூண்டு ரொட்டிக்கு, சின்னூண்டு ரொட்டியோட. அதுக்கு ஒரு கவலையும் இல்ல. லத்தீன்ல அப்படிக் கிடையாது. ஜவுளிக்கடையில பொண்டாட்டி பின்னாடி பையைத் தூக்கிட்டு அலையற புருஷன் மாதிரி. அவ திரும்புற பக்கமெல்லாம் இவனும் திரும்பணும். ரொட்டி அங்க ஆண்பால். ரொட்டி சும்மா கிடந்தா பார்வுலுஸ். ரொட்டியைத் தின்னா பார்வுலும். ரொட்டியோட வாசனைன்னா பார்வுலி. ரொட்டிக்குன்னா பார்வுலோ."

"ரொட்டி ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணுதான். பல ரொட்டின்னா மறுபடி முதல்லேருந்து."

ரொட்டிக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வாத்தியாருக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை பரவியது. இனி இந்த ஆள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்.

வீட்டில் மனைவி துண்டோடு வாசலிலேயே நின்றாள். "எத்தனை பேர் வந்தாங்க?"

"ஒருத்தர்தான். ரொட்டிக்கடைக்காரர்."

"அவரு வந்தாரா? அப்பாடா" என்றாள். "நல்ல மனுஷன். விட்டுடாதீங்க."

மறு வகுப்புக்கு ரொட்டிக்கடைக்காரர் வந்தார். கூடவே, கழுத்தில் அளவு டேப்பும் ஜாக்கெட் ஓரத்தில் குத்திய குண்டூசிகளுமாக அவர் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா.

"நான் ஒருத்தனே தனியா அவஸ்தை... தனியாப் படிச்சா போட்டி இருக்காதுன்னு அக்காவையும் கூட்டிட்டு வந்தேன் சார்."

"ஏம்மா, உங்களுக்கு லத்தீன்ல ஆசையா?"

தையல்காரம்மா ரொட்டிக்கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். "உசிரு சார்" என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போலாயிற்று வாத்தியாருக்கு. ஆனாலும் தளரவில்லை. நேற்று முளைத்த செடி, இன்றே பிடுங்கிவிடலாம் என்று ஆரம்பித்தார்.

"உங்க தொழிலையே எடுத்துப்போம். ஊசி. லத்தீன்ல 'ஆகுஸ்'. பாக்க ஆண்பால் மாதிரி முடியும். ஆனா பெண்பால். அதனால சின்னூண்டு ஊசி, 'பார்வுலா ஆகுஸ்'."

"ஆம்பளை வேஷத்துல பொம்பளையா? அது எதுக்கு சார் அப்படி?"

"எதுக்குன்னு கேக்கக் கூடாது. மனப்பாடம் பண்ணணும்."

விடாமல் அடுத்தடுத்து இறக்கினார். பாவம் என்பதற்குக் குட்டி 'மிஸெல்லுஸ்', பாவப்பட்ட குட்டி. சோகத்துக்குக் குட்டி 'த்ரீஸ்திகுலுஸ்'. களைப்புக்குக் குட்டி 'லாஸ்ஸுலுஸ்', களைச்சுப்போன குட்டி.

"சோகம் வேற குடும்பம், வேற மாதிரி திரும்பும்" என்று பயமுறுத்தப் போனவருக்குத் தன் வாயாலேயே உண்மை வந்துவிட்டது. "ஆனா குட்டியாயிட்டா, அப்பன் எந்தக் குடும்பமா இருந்தாலும் சரி, எல்லாம் பார்வுலுஸ் மாதிரிதான் திரும்பும்."

"அப்போ ஒண்ணு தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி!" என்று ரொட்டிக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாத்தியார் கரும்பலகையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அந்த மொழி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இரக்கம் என்பது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். அந்த இடமாகப் பார்த்து அவர் போய் நின்றிருந்தார்.

அடுத்து, நேரத்தை மாற்றினார். வேலை விட்டு வருகிறவர்கள் சூடாக ரொட்டி வாங்க வரிசையில் நிற்கிற நேரம் எதுவோ அதுதான் இனி வகுப்பு நேரம். கடையைப் போட்டுவிட்டு எந்த வியாபாரியும் பார்வுலுஸ் படிக்க வரமாட்டான். அதற்காக அவர் பகல் பள்ளியிலிருந்து நேரே ஓடிவர வேண்டியிருந்தது. நடுவில் ஒரு வாய் டீ குடிக்கவும் வழியில்லை. ஒரு நாள் அவஸ்தைதானே என்று பொறுத்துக்கொண்டார்.

அன்று ரொட்டிக்கடைக்காரர் ஏப்ரனோடு வந்தார். "கடையை மச்சான்கிட்ட விட்டுட்டேன் சார். அவன் சில்லறையைச் சரியாக் கொடுக்க மாட்டான். போகட்டும்." தையல்காரம்மா கையில் பாதி தைத்த சட்டையோடு வந்து, காஜா எடுத்தபடியே உட்கார்ந்தாள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு உருவம் மெதுவாக நுழைந்தது. வாத்தியார் வீட்டுத் தெருக்கோடியில் தனியாக இருக்கிற பெரியவர். தெருவில் அவருக்குப் பல்செட்டு என்று பெயர். பேசும்போது செட்டு ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும்.

"புது டைம் எனக்குத் தோதா இருக்கு வாத்தியாரே" என்றார் பல்செட்டு. உட்கார்ந்தார். செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் மடித்து வைத்தார். தூங்கிவிட்டார்.

வாத்தியார் அவரைப் பார்த்தார். கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அன்று வீட்டில் இருந்தவர், அடுப்படி வாசலில் நின்று, "மூடியைத் தனியா வெச்சு, பாத்திரத்தை அளவுவாரியா..." என்று தொடங்கினார். நல்லவிதமாகத்தான் சொன்னார். வெங்காயம் நறுக்குகிற வாகு, குழாயை மூடுகிற விதம், கதவைச் சாத்தும்போது கேட்கிற சத்தம் எல்லாவற்றையும் அன்பாகவே எடுத்துச் சொன்னார். மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாயங்காலம் மட்டும் கேட்டாள்: "ஏங்க, அந்த வகுப்பை ஞாயித்துக்கிழமையும் வெக்கக் கூடாதா? பாவம், அவங்க ஆர்வமா இருக்காங்களே."

'என்னைவிட இவளுக்கு அந்த மொழி மேல பாசம்' என்று அவர் உருகிப்போனார். உருகினாரே தவிர, மறுநாள் விடிந்ததும் நேரே காரியதரிசியைப் பார்க்கப் போனார். மாலைப் பள்ளியின் நிர்வாகம் முழுக்க அந்த அம்மாள் கையில். வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் அவருக்கு வாய் இல்லையே தவிர, அறையைக் குறை சொல்ல என்ன தடை?

"அந்த ரூம்ல உக்காரவே முடியலைங்க. ஒழுகுது. பல்பு மினுக்கு மினுக்குங்குது. வேற இடம் இல்லைன்னா வகுப்பை நிறுத்திடறதுதான் நல்லது. நான் வருத்தப்பட மாட்டேன்."

காரியதரிசி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பெருமிதத்தோடு பார்த்தாள். "நிறுத்தறதா? எல்லா வகுப்பும் தேஞ்சுக்கிட்டு வருது, உங்களது ஒண்ணுதான் வளந்துக்கிட்டு வருது. மேல்மாடி ஹாலை எடுத்துக்குங்க. புது லைட்டு, காத்து, எல்லாம் இருக்கு."

"மூணு மாடி ஏறணுமே..."

"ஏறினா உடம்புக்கு நல்லது. அப்புறம், உங்க மாணவங்க வந்து ஞாயித்துக்கிழமையும் வேணும்னு கேட்டாங்க. வெச்சுட்டேன்."

வாத்தியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் வேறு யாரைக் குற்றம் சொல்வது?

மேல்மாடி ஹாலில் முதல் ஞாயிறு. படியேறி வந்த நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஊரே படுத்துத் தூங்குகிற மதியம் அது. வாத்தியார் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"இன்னிக்குப் பரீட்சை. ஒவ்வொருத்தரா வந்து போர்டுல எழுதணும். தப்பா எழுதினா வகுப்புலேருந்து நீக்கம். தயவு தாட்சண்யம் கிடையாது."

ரொட்டிக்கடைக்காரர் முதலில் வந்தார். 'சின்னூண்டு ரொட்டிகளுடைய' என்பதற்கு என்ன வரும் என்று கேட்டார் வாத்தியார். அவர் சாக்பீஸைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பார்வுலுஸ் என்று எழுதினார். அழித்தார். மறுபடி பார்வுலுஸ் என்று எழுதினார். கண்ணில் நீர் திரண்டிருந்தது. தையல்காரம்மா வந்து, சின்னூண்டு ஊசிக்கும் சின்னூண்டு நூலுக்கும் லாஸ்ஸுலுஸ், லாஸ்ஸுலுஸ் என்று இரண்டு தரம் எழுதிவிட்டு, அந்த வார்த்தை ஒன்றுதான் மனசில் தங்கியது என்றாள். பல்செட்டு எழுந்து வரவே இல்லை. "எனக்குப் போட்டுடுங்க தப்பு" என்று இருந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினார்.

வாத்தியார் அவர்களைப் பார்த்தார். அன்றுதான் நன்றாகப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் கண்ணுக்குக் கீழே கருவளையம். தையல்காரம்மா விரலெல்லாம் ஊசி குத்திய தழும்பு. சட்டையைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துத் தைத்ததால் வந்தது. பெரியவர் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தபடியே இருந்தது. ஆசைப்பட்டுப் படிக்கிற முகம் அங்கே ஒன்றுகூட இல்லை. தினமும் கண்ணாடியில் அவர் பார்க்கிற முகம்தான் மூன்று பேருக்கும்.

சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. உங்க யாருக்குமே இது பிடிக்கலை, இல்லையா?"

தையல்காரம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு, "குட்டின்னாலே உடம்பு நடுங்குது சார்" என்றாள்.

"எனக்கும்தாம்மா! எனக்கும் பிடிக்கலை!" வாத்தியார் குரல் தழுதழுத்தது. "ஏதோ வீட்டுல பெருமைப்படறாளேன்னு இழுத்துக்கிட்டு வரேன். உங்களை ஓட வைக்கத்தான் இந்தக் குட்டிப் பாடத்தையே எடுத்தேன். மன்னிச்சுக்குங்க. இனிமே வேண்டாம். நாளைலேருந்து யாரும் வராதீங்க. நான் அவகிட்ட எப்படியாவது சொல்லிக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் சாயங்காலமெல்லாம் நிம்மதியா வீட்டுல இருக்கேன்."

அவர்கள் துள்ளிக் குதிப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுலயா சார்?"

"ஆமா."

"சாயங்காலம் பூராவா?"

"ஞாயித்துக்கிழமையும் சேத்துத்தான்."

தையல்காரம்மா கையிலிருந்த சட்டை நழுவி விழுந்தது. ஓடிப்போய்ச் சாக்பீஸைப் பொறுக்கினாள். "சார், ஒரே ஒரு சான்ஸ் கொடுங்க சார். இப்பவே எழுதிடறேன். பார்வுலா, பார்வுலை, பார்வுலாம்..."

"நான் இன்னிக்கே மனப்பாடம் பண்ணிடறேன் சார்! மிஸெல்லுஸையும் சேத்து! இன்னும் கஷ்டமா ஏதாவது இருந்தாலும் கொடுங்க!" என்று ரொட்டிக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பிடிக்கலைன்னு இப்பத்தானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கய்யா இந்தப் பாடு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சில் சாய்ந்திருந்த பல்செட்டுதான் கைக்குட்டையைப் பிரித்து, செட்டை எடுத்து மாட்டி, கடைவாயில் ஒருமுறை அழுத்திக்கொண்டு, அத்தனை நாளில் முதல்முறையாகத் தெளிவாகப் பேசினார்.

"பள்ளிக்கூடத்துல வெள்ளையடிக்கறாங்கன்னு போன தடவை லீவு விட்டப்பவே பாத்துட்டோம் வாத்தியாரே, நீங்க உங்க வீட்டுல இருந்தீங்கன்னா, உங்க சம்சாரம் எங்க வீட்டுல வந்து இருந்துடறாங்க!"